பதினேழாவது கீற்று

அந்த ஊற்று எங்கே இருக்கிறது என்று நான் எழுதப் போவதில்லை. உடுமலைக்குத் தெற்கே மலை தொடங்குகிறது, அவ்வளவு போதும். என்னை அறிந்தவர்களுக்கு இது வியப்பாக இருக்கலாம். பஸ் எத்தனை மணிக்குக் கிளம்பியது, எந்த ஊரில் எத்தனை நிமிடம் நின்றது, எந்தக் கடையில் காபிக்குச் சர்க்கரை தூக்கலாகப் போட்டார்கள் என்பது வரை நாட்குறிப்பில் ஏற்றிவிடுகிறவன் நான். வழி சொல்லாமல் இருப்பது எனக்குப் பழக்கமில்லாத காரியம். ஆனால் ஒரு முறை வழியை மிகத் தெளிவாகச் சொல்லிவிட்டேன்.

1961ஆம் ஆண்டு எனக்கு இருபத்தொன்பது வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். பின்னி வெளுத்து வரும் துணியை மேசைமேல் அடுக்கடுக்காக விரித்து, அளவு வைத்து வெட்டி, தையலுக்கு அனுப்புவது என் வேலை. வெட்டிய துண்டுகளை டஜன் டஜனாக அடுக்கி, அதே துணியின் கழிவிலிருந்து ஒரு கீற்றை எடுத்துக் கட்டி அனுப்புவோம். அப்போதுதான் ஒரு துணியின் முன்பக்கமும் இன்னொரு துணியின் பின்பக்கமும் கலக்காது. பின்னல் துணியில் வெட்டிய கீற்றை இரண்டு கையாலும் ஒரு இழுப்பு இழுத்தால் ஓரங்கள் உள்ளே சுருண்டு கயிறு போல ஆகிவிடும். அதை இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை மடித்துச் செருகினால் கட்டு அசையாது. தையல்காரர் நுனியைப் பிடித்து ஒரு முறை இழுத்தால் அவிழும். எங்கள் மேசையின் முடிச்சு அது. பிற கம்பெனிகளில் வேறு மாதிரி போடுவார்கள்.

தீபாவளிக்குக் கம்பெனி ஒரு வாரம் மூடும். அந்த வாரத்தில் நண்பர்கள் சிலர் சேர்ந்து ஏதாவது ஓர் இடத்துக்குப் போய்வருவோம். இடத்தை நான்தான் தேர்ந்தெடுப்பேன். நூலகத்தில் இருந்த பயணப் புத்தகங்களை எல்லாம் ஒன்றுவிடாமல் படித்திருந்தேன். அதனால் எனக்கென்று ஒரு விதியும் வைத்திருந்தேன்: வருடத்துக்கு ஓர் இடம், போன இடத்துக்கு மறுபடி போவதில்லை. உலகம் பெரிது, ஆயுள் சிறிது என்பது என் வாதம். அந்த விதியில் இருந்த கோளாறு எனக்குத் தெரிய ஆறு ஆண்டுகள் ஆயின. திரும்பிப் போகாதவனுக்குத் தான் விட்டுவந்தது என்ன என்று தெரியவே தெரியாது.

அந்த ஆண்டு தீபாவளி கழிந்த மூன்றாம் நாள் ஏழு பேர் கிளம்பினோம். எங்களில் ஒருவர் பிளீச்சிங் ஷெட்டில் துணி வெளுப்பவர். பாய் என்றே எல்லோரும் அழைப்போம். தொட்டித் தண்ணீரை ஒரு துளி நாக்கில் வைத்தே, அன்றைக்கு எவ்வளவு பவுடர் போட வேண்டும், எத்தனை அலசு அலச வேண்டும் என்று சொல்லிவிடுவார். எங்கள் ஊரில் பல கிணறுகள் உப்பு. நல்ல தண்ணீர் குடம் குடமாக வண்டியில் வரும். சோப்புப் போட்டால் நுரைக்காமல் திரியும் தண்ணீரில்தான் நாங்கள் வளர்ந்தோம். அப்படிப்பட்ட ஊரில் பாயின் நாக்குக்குத் தனி மதிப்பு இருந்தது.

பல்லடம் வழியாக உடுமலை. அங்கிருந்து இன்னொரு பஸ். பிறகு நடை. அடிவாரத்தில் ஒரு வாய்க்காலும் அதன் கரையில் பெரிய அரசமரமும் இருந்தன. அதைத் தாண்டியதும் காடு. மாடு மேய்ப்பவர் ஒருவர் கையை நீட்டிக் காட்டிய திசையை நம்பி ஏறினோம். பாதை பிரிந்த இடங்களில் எல்லாம் எனக்குத் திரும்பும்போது குழம்பிவிடுமோ என்று பயம். சாப்பாட்டுத் தூக்குகளைச் சுற்றிக் கட்ட ஒரு கைப்பிடி வெள்ளைக் கீற்று கொண்டுவந்திருந்தேன். ஒவ்வொரு பிரிவிலும் ஒரு கிளையிலோ கன்றிலோ ஒன்றைக் கட்டினேன். எங்கள் மேசை முடிச்சுதான். கட்டிய இடங்களைக் குறிப்பேட்டில் வரிசையாக எழுதிக்கொண்டேன். பதினேழாவதைக் கட்டி நிமிர்ந்தபோது ஊற்றின் முன்னால் நின்றோம்.

இன்று வரை அதைச் சரியாகச் சொல்ல எனக்கு வரவில்லை. அருவி என்றால் சத்தம் இருக்கும். ஓடை என்றால் அசைவு இருக்கும். இங்கே இரண்டும் இல்லை. ஒரு கரும்பாறையின் அடியில், பெரிய மரம் ஒன்றின் வேர்கள் விரல் விரித்துப் பிடித்திருந்த இடத்தில், தண்ணீர் வெளியே வந்து நின்றுகொண்டிருந்தது. என் கட்டிங் மேசையில் பாதி இருக்கும் அந்தக் குழி. அடியில் கிடந்த ஒவ்வொரு கூழாங்கல்லும் கைக்கெட்டும் போலத் தெரிந்தது. குழி வறண்டுகிடக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். மேலிருந்து ஓர் இலை விழுந்து, அந்தரத்தில் நின்று, அதன் நிழல் மட்டும் கற்கள்மேல் மெல்ல நகர்ந்தபோதுதான் அங்கே தண்ணீர் இருப்பதே தெரிந்தது.

பாய் செருப்பைத் தூரத்தில் கழற்றிவிட்டு வந்து, குனிந்து, ஒரு கை அள்ளி வாயில் வைத்துக்கொண்டார். விழுங்கவில்லை. அப்படியே கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் இருந்தார். பிறகு விழுங்கிவிட்டுச் சொன்னார்: "மாஸ்டர், இந்தத் தண்ணி சோப்பே கேக்காது."

எங்கள் ஊரில் தண்ணீருக்கு அதற்குமேல் ஒரு பாராட்டு இல்லை.

நாங்கள் அங்கே நிற்கும்போதே ஒரு பெண் குடத்துடன் மேலிருந்து இறங்கி வந்தாள். என் வயதுதான் இருக்கும். மலையில் சற்று மேலே ஒரு சிறு குடியிருப்பு இருப்பதாகவும், அத்தனை வீட்டுக்கும் குடிதண்ணீர் இதுதான் என்றும், கோடையில் சுற்றுவட்டாரம் முழுக்கக் காய்ந்தாலும் இது மட்டும் நிற்காது என்றும் சொன்னாள். குடிக்கலாம், கால் வைக்கக் கூடாது. கை கால் கழுவுவதென்றால் தண்ணீர் வழிந்தோடும் பக்கமாக இறங்கி இரண்டாம் பாறைக்குக் கீழே போய்க் கழுவ வேண்டும். இதைக் கட்டளையாகச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தவர்களிடம் எங்கே உட்காரலாம் என்று காட்டுவது போலச் சொன்னாள். நாங்களும் அப்படியே செய்தோம்.

புறப்படும்போது அவள் மரத்தில் இருந்த என் கீற்றைப் பார்த்தாள்.

"இது எதுக்குங்க?"

வழி தவறாமல் இருக்க என்றேன். வரும் வழியெல்லாம் கட்டியிருக்கிறேன் என்பதையும் சொன்னேன்.

"போறப்ப அவுத்துட்டுப் போயிருவீங்கல்ல?"

"கண்டிப்பா அவுத்துடறனுங்க."

அவிழ்க்கவில்லை. காரணத்தையும் அன்றே எழுதி வைத்திருக்கிறேன்: 'ஊற்றருகே 3.20 வரை இருந்துவிட்டோம். மழை கருக்கியது. ஆறு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். மேலும் பின்னால் வருவோர்க்குக் கீற்றுகள் உதவும்.' கடைசி வாக்கியத்தை எழுதும்போது எனக்குள் ஒரு நிறைவு இருந்தது. பயணம் போனவன் போகாதவனுக்கு வழி விட்டுவர வேண்டும் என்று படித்த புத்தகமெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தது.

ஊருக்கு வந்ததும் வழித்தாள் ஒன்று தயாரித்தேன். கார்பன் வைத்து நான்கு பிரதிகள். பஸ் நேரம், இறங்கும் இடம், அரசமரம், பிரிவுகளுக்கு இடையே எத்தனை தப்படி, எங்கே நிழல், எங்கே வழுக்கும். 'வெள்ளைப் பனியன் கீற்றைப் பார்த்துத் திரும்பவும்' என்று அடிக்கோடிட்டு எழுதினேன். ஊற்றைப் பற்றி ஒரு பத்தி. அதில் அந்த இலையையும் அதன் நிழலையும் எழுதினேன். உடுமலைக் காபியைப் பற்றிக்கூட ஒரு வரி உண்டு. இரண்டாம் பாறைக்குக் கீழேதான் கழுவ வேண்டும் என்ற வரி இல்லை. மறந்துவிடவில்லை. வழித்தாளில் வழியைத்தானே எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

ஒரு பிரதியைக் கம்பெனி அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். அடுத்த தீபாவளிக்கு அதைப் பார்த்து எங்கள் தையல் பிரிவில் இருந்து ஒரு கூட்டம் போயிற்று. அதற்கடுத்த ஆண்டு வீரபாண்டியில் ஒரு சாயப்பட்டறையில் இருந்து ஆள் வந்து தாளைப் பார்த்து எழுதிக்கொண்டு போனார். முன்பின் தெரியாதவர்கள் டீக்கடையில் என்னை நிறுத்தி, "உங்க ஊத்துக்குப் போயிட்டு வந்தோமுங்க" என்பார்கள். என் ஊற்று. அந்தச் சொல்லை நான் ஒரு முறைகூடத் திருத்தவில்லை. நான் அதற்குள் வேறு இடங்களுக்கு வேறு வழித்தாள்கள் எழுதிக்கொண்டிருந்தேன்.

1967ஆம் ஆண்டு, தீபாவளிக்கு நான்கு நாட்கள் முன்னால், பேக்கிங் பிரிவில் வேலை செய்த ஒரு பெண் என் மேசைக்கு வந்தாள். பெருமாநல்லூரில் இருந்து தினமும் வந்துபோகிறவள். கல்யாணமாகி எட்டு வருடம், குழந்தையில்லை. வெட்டி முடித்த துணியில் இருந்து புதுக் கீற்று ஒன்று வேண்டும் என்றாள்.

"எதுக்கு அம்மிணி? பண்டல் கட்டவா?"

"இல்லீங்ண்ணா. ஊத்துச்சாமிக்குக் கட்ட."

எனக்குப் புரியவில்லை. அவள் பொறுமையாக விளக்கினாள். மலைமேல் ஒரு ஊற்று. அங்கே ஒரு சாமி. வழியெல்லாம் வெள்ளைத் துணி கட்டித் தன் இடத்துக்குத் தானே கூட்டிக்கொண்டு போகும். கட்டிங் மேசையில் இருந்து நேராக எடுத்த, தரையில் படாத கீற்றை மரத்தில் கட்டிவிட்டு, அந்த ஊற்றில் எண்ணெய் தேய்த்துக் குளித்தால் நினைத்தது நடக்கும். முடிச்சுக்கூட ஒரு கணக்கு உண்டு: இரண்டு சுற்று, நுனியை மடித்துச் செருக வேண்டும். வேண்டுதல் பலித்தால் ஒரே இழுப்பில் தானாக அவிழுமாம்.

அவள் சொல்லச் சொல்ல என் கையில் இருந்த கத்தரியை மேசைமேல் வைத்துவிட்டேன். பக்கத்தில் துணிக்கட்டு இறக்கிக்கொண்டிருந்த பாய் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அவள் போனபின் என் பக்கம் திரும்பினார்.

"மாஸ்டர், நானும் ஏழு பேர்ல ஒருத்தனா வந்தேன். எனக்கு ஒரு சின்னச் சாமி பட்டமாவது குடுக்கக் கூடாதா?"

சிரித்தேன். ஆனால் அந்த ஆண்டு என் விதியை உடைத்துக்கொண்டு நானும் கம்பெனி பஸ்ஸில் ஏறினேன்.

அடிவாரத்தில் எங்களுக்கு முன்னால் இரண்டு பஸ்கள் நின்றன. சோடாக் கடை ஒன்று, பொரி கடலைக் கடை ஒன்று. நாங்கள் தட்டுத்தடுமாறி ஏறிய தடம் இப்போது வண்டி போகும் அளவுக்கு அகன்றிருந்தது. என் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பிரிவாகப் பார்த்தேன். நான் கட்டிய கீற்றுகள் மிஞ்சியிருக்க வழியில்லை. பருத்தித் துணி அந்த ஈரத்தில் இரண்டு மழைக்குமேல் தாங்காது. ஆனால் அநேகமாக நான் ஒன்று கட்டிய இடத்தில் எல்லாம் முப்பது, நாற்பது தொங்கின. பழையது இற்றுவிழ விழப் புதியது ஏறியிருந்தது. எல்லாவற்றிலும் எங்கள் மேசை முடிச்சு. வேறு முடிச்சுப் போடும் கம்பெனி ஆட்கள்கூட இங்கே வந்து இதைத்தான் போட்டிருந்தார்கள்.

ஊற்று மரத்தை முதலில் பார்த்தபோது நான் மயங்கித்தான் போனேன், மறைக்காமல் சொல்கிறேன். அடிமரம் தெரியவில்லை. வெள்ளை, மஞ்சள், ஊதா, ரத்தச் சிவப்பு என்று சாயப்பட்டறைகளின் எல்லா நிறமும் ஆள் உயரத்துக்கு மேலே வரை ஏறியிருந்தது. காற்றடித்தால் அத்தனை நுனியும் ஒரு பக்கமாகச் சாய்ந்து எழுந்தது. ஒவ்வொன்றும் ஒருவர் பஸ் ஏறி, மலை ஏறி, மனசுக்குள் ஒன்றை நினைத்துக் கட்டியது. கோயில் கட்டியவர் யாருமில்லை, பூசாரி இல்லை, சிலை இல்லை. ஒரு கைப்பிடிக் கழிவுத் துணியும் ஒரு தாளும் சேர்ந்து இதைச் செய்திருந்தன. அவ்வளவு நம்பிக்கைக்கு முன்னால் நின்றால் யாருக்கும் கை தானாகக் குவியும். எனக்கும் குவிந்தது.

பிறகு கீழே பார்த்தேன்.

குழியில் கூழாங்கற்கள் தெரியவில்லை. தண்ணீர் பால் கலந்தது போல இருந்தது. மேலே எண்ணெய் பரவி வெயிலில் நிறம் காட்டியது. ஐந்தாறு பேர் உள்ளே நின்று சீயக்காய் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். கரையெல்லாம் சோற்று இலை, சோப்பு உறை, உடைந்த சோடா பாட்டில். பாய் ஓரமாகக் குனிந்து ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்தார். உடனே துப்பிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார்.

"நம்ம தொட்டித் தண்ணி தேவலை மாஸ்டர்."

சற்று மேலே, பாறை மறைவில், ஒரு பெண் காலிக் குடத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இடது பாதத்தில் மஞ்சள் பனியன் கீற்றைச் சுற்றிக் கட்டியிருந்தாள். கண்ணாடித் துண்டு ஏறியதாம். மரத்தில் இருந்து ஒன்றை எடுத்துக் கட்டியிருந்தாள். என்னை அவள் அடையாளம் கண்டது என் மூக்குக் கண்ணாடியாலா, கையில் இருந்த குறிப்பேட்டாலா என்று தெரியவில்லை. எழுந்திருக்காமலே பேசினாள்.

"கண்ணாடிக்காரரு. அவுக்கறேன்னுட்டுப் போனீங்க. இப்பத்தான் நேரம் கெடைச்சுதுங்களா?"

அவளே மற்றதைச் சொன்னாள். தீபாவளியில் இருந்து ஒரு மாதத்துக்கு இந்தத் தண்ணீரைத் தொட முடியாது. பொங்கலுக்கும் ஆடிக்கும் அப்படியே. இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளிலும். அந்த நாட்களில் மலையின் மறுபக்கம் இறங்கி, பாறைக் கசிவில் சிரட்டையால் மொண்டு குடத்தை நிரப்ப வேண்டும். போகவர அரை நாள். அதுவும் மாசியில் நின்றுவிடும். இரண்டாம் பாறையைப் பற்றிச் சொன்னால், நீ யாரு சாமி ஊத்துல சட்டம் பேச என்று கேட்கிறார்களாம்.

நான் நேராக மரத்துக்குப் போய்க் கைக்கு எட்டிய கீற்றின் நுனியை இழுத்தேன். அவிழ்ந்தது. இரண்டாவது. மூன்றாவதில் என் மணிக்கட்டை ஒரு கை பிடித்தது. பெருமாநல்லூர்ப் பெண். தலையில் எண்ணெய் வழிய, மற்றொரு கையில் சோப்புப் பெட்டியுடன் நின்றாள். கால் மணி நேரத்துக்கு முன்னால் அவள் கட்டிய கீற்று அது.

"கீத்து உங்க மேசையில வெட்டுனதுதானுங்ண்ணா. கட்டுனது நானு. அவுக்க உங்களுக்கு என்னங்க பாத்தியதை?"

சுற்றிலும் பெண்கள் கூடிவிட்டார்கள். யாரோ ஒருவர் என்னைப் பைத்தியம் என்றார். நான் நடந்ததைச் சொன்னேன். ஆறு வருடத்துக்கு முன் வழிக்காகக் கட்டியது நான், தாள் எழுதியது நான், முடிச்சு கட்டிங் மேசை முடிச்சு. ஒருவரும் நம்பவில்லை. நம்பிய இரண்டு பேரும், உங்களைக் கட்டவைத்ததே சாமிதானே என்றார்கள். அதற்கு நான் படித்த எந்தப் புத்தகத்திலும் பதில் இருந்ததில்லை.

வாதம் நடந்துகொண்டிருக்கும்போது குடக்காரி நொண்டிக்கொண்டே இறங்கி வந்தாள். குடத்தைக் குழியில் சாய்த்து, ஒரு கை தண்ணீர் பிடித்து, பார்த்துவிட்டுக் கொட்டினாள். பெருமாநல்லூர்ப் பெண் என் மணிக்கட்டை விட்டுவிட்டாள்.

"ஏனுங்க்கா, இது நீங்க குடிக்கிற தண்ணியாங்க?"

"குடிச்சுட்டிருந்த தண்ணி."

அவள் தன் கையில் இருந்த சோப்புப் பெட்டியைப் பார்த்தாள். அதை மூடி இடுப்பில் செருகிக்கொண்டாள். உப்புத் தண்ணீர் ஊர்க்காரிக்கு நல்ல தண்ணீர்க் குடம் என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் எட்டு வருட வேண்டுதலை அவிழ்த்துப்போடவும் அவளால் முடியவில்லை. மரத்தையும் குழியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பக்கம் இரண்டாம் பாறை வழியாக வழிந்து இறங்கும் தண்ணீரை வெகுநேரம் பார்த்தாள்.

"இது எங்க போகுதுங்க்கா?"

"கீழ. அரசமரத்து வாய்க்காலுக்கு."

"அப்படின்னா சாமியும் தண்ணியோட தினமும் அங்கதானே எறங்குது? நாம எதுக்குச் சாமி முகத்துல சீயக்காய் கரைச்சு ஊத்தோணும்?"

சொல்லிவிட்டுத் தன் கீற்றின் நுனியை இழுத்தாள். தரையில் படாமல் இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக்கொண்டு இறங்க ஆரம்பித்தாள். நான் அன்று கண்டதை எப்போது நினைத்தாலும் எனக்குப் புல்லரிக்கும். ஒருவர் சொல்லாமலே இன்னொருத்தி தன் கீற்றை அவிழ்த்தாள். பிறகு இன்னொருத்தி. நாற்பது பேருக்கு மேல் நின்ற இடத்தில் பதினோரு பேர்தான், எண்ணினேன். ஆனால் அந்தப் பதினோரு பேரும் இடறும் பாதையில் கையைக் கீழே ஊன்றாமல், தூங்கும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவது போல அந்தக் கீற்றுகளை அடிவாரம் வரை கொண்டுபோனார்கள். அரசமரத்தில் கட்டினார்கள். வாய்க்காலில் குளித்தார்கள். பாயும் நானும் குறிப்பேட்டைப் பார்த்துக்கொண்டே பின்னால் இறங்கி, பாதைப் பிரிவுகளில் இருந்தவற்றை எல்லாம் அவிழ்த்து ஒரு கோணிப்பையில் சேர்த்தோம். ஊற்று மரத்தையும் சேர்த்துப் பதினாறு இடங்கள் கிடைத்தன. ஒன்று மட்டும் அகப்படவில்லை. 'ஒன்பதாவது பிரிவு, கட்டைவிரல் பருமன் கன்று' என்று எழுதியிருந்தேன். கன்றைக் காணோம். எதிர்ப்பட்ட மலைக்காரர்களிடமும் சொல்லிவைத்தேன். கோணிப்பையில் இருந்ததையும் அரசமரத்தில்தான் கட்டினோம். எறிய ஒருவருக்கும் மனம் வரவில்லை.

ஊருக்கு வந்ததும் பலகையில் இருந்த என் வழித்தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக ஒன்று ஒட்டினேன். நான்கே வரி. ஊத்துச்சாமி அடிவாரத்து அரசமரத்துக்கு இறங்கிவிட்டது. மேலே இருப்பது மலைக்காரர்களின் குடிதண்ணீர். கட்டுவதை அரசமரத்தில் கட்டவும். குளிப்பதை வாய்க்காலில் குளிக்கவும். பாய் அதை நின்று வாசித்தார்.

"மாஸ்டர், சாமிக்கே டிரான்ஸ்பர் ஆர்டர் போட்டுட்டீங்க."

ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் சைக்கிளில் போய், என் பழைய தாள் எங்கெல்லாம் ஒட்டியிருந்ததோ அங்கெல்லாம் கேட்டு வாங்கினோம். வீரபாண்டி, பெருமாநல்லூர், இடையில் இருந்த பட்டறைகள், இரண்டு சலூன்கள். பதினான்கு பிரதிகள் சேர்ந்தன. ஒன்றுகூட என் கையெழுத்தில் இல்லை. பார்த்துப் பார்த்து எழுதியதில் தூரங்கள் மாறியிருந்தன. இலை விழுந்த பத்தி எல்லாவற்றிலும் விடுபட்டிருந்தது. ஒன்றில் யாரோ 'எண்ணெய்க் குளியலுக்கு மிக வசதி' என்று சேர்த்திருந்தார்கள்.

எல்லாம் உடனே சரியாகிவிடவில்லை. அடுத்த இரண்டு ஆண்டுகள் பழைய பழக்கத்தில் ஏறியவர்கள் இருந்தார்கள். மலைக்காரர்கள் கீழ்ப் பிரிவில் முள் வெட்டிப் போட்டார்கள். அரசமரத்தடியில் கடைகள் பெருகின. அங்கேயும் கண்ணாடி உடைந்தது, இலை குவிந்தது. அதற்கு நாங்களே பொறுப்பு என்று வைத்துக்கொண்டோம். தீபாவளி கழிந்த மூன்றாம் நாள், வருடம் தவறாமல், பாய், நான், பெருமாநல்லூர்ப் பெண், அவள் சேர்த்துக்கொண்டு வரும் நாலைந்து பேர் கோணிப்பையுடன் அங்கே போவோம். வேறு இடம் பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு ஒரேயடியாகத் தீர்ந்துவிட்டது என்று சொன்னால் பொய். ஆனால் அந்த நாளை வேறு இடத்துக்குக் கொடுக்கவில்லை. அவளுக்குக் குழந்தை பிறந்ததா என்று கேட்கிறவர்கள் உண்டு. அதை எழுத அவள் எனக்கு அனுமதி தரவில்லை.

ஊற்று தெளிந்ததா என்பது மட்டும் எனக்குத் தெரியாமலே இருந்தது. ஏறிப் போய்ப் பார்ப்பதற்கு அடிவாரத்தில் இருந்து ஒரு மணி நேரம்தான். ஒவ்வொரு ஆண்டும் கால் அந்தப் பக்கம் திரும்பும். முள்ளைத் தாண்டிப் போகிற முதல் ஆள் நானாக இருக்க வேண்டாம் என்று திரும்பிவிடுவேன்.

1972ஆம் ஆண்டு அதே மூன்றாம் நாள், காலை பத்தே கால் இருக்கும். நாங்கள் வாய்க்கால் படியில் கண்ணாடி பொறுக்கிக்கொண்டிருந்தோம். சந்தைக்குப் போவதற்காக மலையில் இருந்து நான்கைந்து பேர் இறங்கி வந்தார்கள். அவர்களில் குடக்காரியும் இருந்தாள். தலையில் ஒரு மூட்டை, கையில் மூடிபோட்ட ஒரு தூக்கு. எங்களைப் பார்த்து நின்றாள். கோணிப்பையைப் பார்த்தாள். மூட்டையை இறக்கிவைத்துவிட்டுத் தூக்கைத் திறந்து பாயிடம் நீட்டினாள்.

"அன்னைக்குத் துப்பினீங்கல்ல. இப்பக் குடிச்சுப் பாருங்க."

பாய் கையை வேட்டியில் நன்றாகத் துடைத்துக்கொண்டு வாங்கினார். ஒரு வாய். விழுங்கவில்லை. பதினொரு ஆண்டுகளுக்கு முன்னால் செய்தது போலவே கண்ணை மூடிக்கொண்டார். பெருமாநல்லூர்ப் பெண் பையை அப்படியே பிடித்தபடி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் விழுங்கினார். தூக்கை என்னிடம் கொடுத்தார். அப்போது அவர் கண் கலங்கியிருந்தது. நானும் குடித்தேன். எனக்குப் பாயின் நாக்கு இல்லை. ஆனாலும் அந்தரத்தில் நின்ற இலை ஞாபகம் வந்தது.

மூட்டையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு கிளம்பியவள் நின்று என்னிடம் சொன்னாள்: "உங்க கட்டு ஒண்ணு பாக்கியிருந்துச்சே, அது கெடைச்சுதுங்க. கன்னு இப்ப மரமாயிருச்சு. துணியத் தோலுக்குள்ள முழுங்கிருச்சு. சுத்திலும் அரைஞாண் கட்டுனாப்புல ஒரு வளையம் மட்டும் தெரியுது."

பின்னல் துணி இழுத்த இழுப்புக்கு நெகிழும். மரம் பருக்கப் பருக்க அதுவும் நெகிழ்ந்து இடம் கொடுத்திருக்க வேண்டும். அது இற்றுப்போவதற்குள் மரம் அதையே உள்ளே வைத்து மூடிவிட்டது. இதையெல்லாம் நான் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டு நிற்பதைப் பார்த்து, நான் அவிழ்ப்பதற்குத்தான் யோசிக்கிறேன் என்று நினைத்தாள் போலிருக்கிறது.

"அவுக்க முடியாதுங்க. மரமே வெச்சுக்கிச்சு. அது இருந்துட்டுப் போகட்டும்."

அவர்கள் சாலைப் பக்கம் திரும்பி மறைந்தபின் குறிப்பேட்டை எடுத்தேன். 1967இல் பதினாறு வரிகளுக்கு எதிரே 'அவிழ்த்தாயிற்று' என்று எழுதி, ஒரு வரியை வெறுமையாக விட்டிருந்தேன். அந்த வரியில் அன்றைய தேதியைப் போட்டேன். நேரத்தைப் போட்டேன். எதிரே 'மரத்திடம் உள்ளது' என்று எழுதினேன். அதைத் தேடி இனி யாரும் ஏறிவிடக் கூடாது. 'ஒன்பதாவது பிரிவு' என்று முன்பு எழுதியிருந்ததை மட்டும் ஒரு கோடு இழுத்து அடித்துவிட்டேன்.